இனிப்பில்லாத ஒயின்

ஒயின்ஷாப்பில் போய் ஒயின் கேட்டவள் புதுக்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் பக்கம் ஒயின்ஷாப் என்றால் பிராந்திக்கடை. போர்டில் அரசாங்கம் என்ன எழுதி மாட்டினாலும் ஜனங்கள் வாயில் அதற்கு அதுதான் பெயர். அங்கே குவார்ட்டர் கேட்பார்கள், ஆஃப் கேட்பார்கள், கூலிங் பீர் கேட்பார்கள். ஒயின் மட்டும் கேட்க மாட்டார்கள். நான் கேட்டேன். அதுவும் குடிப்பதற்கு இல்லை, ஆட்டுக்கறியில் ஊற்றுவதற்கு.

இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்று சொல்கிற ஊர்தானே இது. அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்வதற்கு முன்னால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் குடித்தவர். ஏதோ விசேஷத்துக்குக் குடித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். லாரி ஓட்டிய காலத்தில் ஆரம்பித்தது. லாரி வேலை போனது, டெம்போ வேலை போனது, வல்லத்திராக்கோட்டையில் அவர் பங்குக்கு வந்த நிலமும் போனது. அதற்கப்புறம் ஒருநாள் நிறுத்தினார். சாமிக்குப் பயந்து நிறுத்தினார் என்பார்கள், டாக்டருக்குப் பயந்து நிறுத்தினார் என்பார்கள், எனக்குப் பயந்து என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர் யாரிடமும் காரணம் சொன்னதில்லை. இப்போது ஏழு வருஷம் ஆகிறது.

நிறுத்திய கொஞ்ச காலத்துக்கெல்லாம் கீரனூர் ரோட்டில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் உள்ள பிள்ளைகள் அந்த வேனில்தான் போகின்றன. குடிகாரன் என்று பேர் வாங்கிய மனுசன் கையில் ஊரே தன் பிள்ளைகளைக் கொடுத்து அனுப்புகிறது. காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வண்டி பக்கம் நடந்து போகிற நடையைப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டியரிங் கையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த நடை. அது போனால் மனுசர் என்ன ஆவார் என்று யோசிக்கவே எனக்குப் பயம். வேறு எதற்கும் நான் பயந்தவள் இல்லை.

அதனால் காவல் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இருமல் மருந்து வாங்கினால் பாட்டிலில் உள்ள பொடி எழுத்தை நாலு பேரிடம் படிக்கக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவேன். கிறிஸ்துமஸுக்கு யாராவது பிளம் கேக் கொடுத்தால், அதில் ரம் ஊற்றியிருப்பார்கள் என்று கேட்டைத் தாண்ட விட மாட்டேன். கல்யாண வீட்டில் ஆம்பளைகள் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கினால், "ஏங்க, இங்கிட்டு வாங்க, மொய் எழுதணும்" என்று நடுச் சபையில் கூப்பிட்டுவிடுவேன். மொய் அதற்கு முன்பே எழுதியாகியிருக்கும். அவரும் வந்துவிடுவார்.

நான் செய்கிற தொழில் இட்லி மாவு விற்பது. வீட்டு முன்பக்க அறையில் இரண்டு கிரைண்டர் ஓடுகிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு புளிக்கும், எந்த வெயிலுக்கு எவ்வளவு உப்பு, எந்த உளுந்து பொங்கும், எது ஏமாற்றும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. சமையலில் என் நாக்கை யாரும் ஏமாற்றியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே பையன். அவன் அப்பா குடித்த காலத்தில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடம் முடிந்ததும் கேட்டரிங் படிக்கிறேன் என்று திருச்சிக்குப் போனவன், இப்போது பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் செய்கிறான். அங்கே ஆட்டுக்கறியை ஒயினில் மெள்ள வேகவைக்கிற ஒரு பதார்த்தம் உண்டாம். அதை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். ஒருநாள் போனில் சொன்னான்.

"அம்மா, இந்தச் சனிக்கிழமை வாரேன். ஞாயித்துக்கெழமை நான்தான் சமைப்பேன். அப்பா இன்னி வரைக்கும் நான் சமைச்சு ஒரு வாய் சாப்பிட்டதில்ல."

"சமையேன். யாரு வேணாம்னா?"

"அந்தக் கறியத்தான் செய்யப்போறேன். ஒயின் மட்டும் நீங்க வாங்கி வச்சிருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "தம்பி, நீ எந்த வீட்டுக்குப் பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" என்று கேட்டேன்.

அவன் தெரிந்துதான் பேசினான். வேறு மாநிலத்திலிருந்து பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியில் பிடித்துக்கொள்வார்களாம். அவன் வந்து இறங்குவது சனிக்கிழமை ராத்திரி, அந்த ஞாயிற்றுக்கிழமை பண்டிகை நாள் என்று அரசாங்கமே கடைக்கு லீவு விட்டிருந்தது. அதனால் நான்தான் வாங்க வேண்டும். கறி கொதிக்கக் கொதிக்கச் சாராயம் எல்லாம் ஆவியாகப் போய்விடும், ருசி மட்டும்தான் தங்கும் என்று விளக்கம் கொடுத்தான்.

"ரசம் கொதிச்சா புளி ஆவியாப் போயிருதா?" என்றேன்.

"புளி வேறம்மா, இது வேற."

"எல்லாமே போயிருமா?"

பொய் சொல்ல அவனுக்கு வராது. "துளியூண்டு தங்கும். இல்லேன்னு சொல்ல முடியாது. ஓட்டல்ல கொழந்தைகளுக்கே குடுக்குறோம்மா."

நான் யோசித்தேன். அப்பா தின்பாரா மாட்டாரா என்பது அன்றைக்கு இலை போட்ட பிறகு பார்க்க வேண்டியது. ஆனால் பெற்ற பையன் அப்பாவுக்கு ஆக்கிப் போடுகிறேன் என்று முதல் தடவையாகச் சொல்கிறான். வேண்டாம் என்று போனிலேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அடுப்பில் என் கையை மீறி என்ன நடந்துவிடும் என்ற தைரியமும் இருந்தது. சரி என்றேன்.

எந்த ஒயின் வாங்குவது என்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான். முதல் விதி, குடிக்க லாயக்கில்லாததைச் சட்டியில் ஊற்றக் கூடாது. எங்கள் வீட்டில் குடிக்க லாயக்கானது என்று ஒன்றுமே கிடையாது என்றேன். இரண்டாவது, சமையலுக்கென்றே உப்புப் போட்டு ஒரு ஒயின் ஆன்லைனில் விற்கிறார்கள், அதை வாங்கக் கூடாது. அது எனக்கே புரிந்தது. எவனோ உப்புப் போட்டு அனுப்பினால் நான் எப்படி உப்புப் பார்ப்பது? மூன்றாவது, சிவப்பாக இருக்க வேண்டும், 'டிரை'யாக இருக்க வேண்டும்.

"தண்ணி மாதிரி இருக்கறதுல டிரை என்னடா டிரை?"

"இனிப்பில்லாததும்மா. குடிச்சா நாக்கு இழுக்கும். வாழப்பூவ வேகவைக்காம தின்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

"துவர்ப்புன்னு சொல்லேன்."

"துவர்ப்புத்தான்" என்றான். அவ்வளவு நேரம் இங்கிலீஷில் சுற்றி வளைத்தவன் அப்போதுதான் வழிக்கு வந்தான். துவர்ப்பும் புளிப்பும் வேண்டும், இனிப்பு கூடாது. ஏன் கூடாது என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறிக்கு வெங்காயத்தைப் பொன்னாக வதக்க வேண்டும். வதங்கிய வெங்காயமே ஒரு இனிப்பு. அதன் மேல் இனிப்பு ஒயினையும் ஊற்றினால் அது கறி இல்லை, பாயசம். கறியின் கொழுப்புத் திகட்டாமல் இருக்கத் துவர்ப்பு வேண்டும். கொழுப்பு மீனுக்கு நாம் புளியை ஏற்றுவதில்லையா, அதே கணக்குத்தான். ஒயினை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரை அனுப்புவது என்பதுதான் பாக்கி. அவரை அனுப்ப முடியாது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் செய்தி போய்விடும். சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வேனை சர்வீஸுக்கு விட்டிருந்தார். நான் மாவு வாளியை மூடி வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு நானே கிளம்பினேன். முக்காடு கிக்காடு ஒன்றும் போடவில்லை. மறைத்துக்கொண்டு போகிறவள்தான் மாட்டிக்கொள்வாள்.

போன பிறகுதான் தெரிந்தது, மறுநாள் கடை லீவு என்பதால் ஊரே அன்றைக்குத் திரண்டு வந்திருந்தது. கம்பி வலைக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி கூட்டம். என்னைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. ஒருவர் கையிலிருந்த பாட்டிலை வேட்டி மடிப்பில் ஒளித்தார். "ஆத்தாளுக்கு வழி விடுங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். புருசனைத் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு காலத்தில் நானும் அப்படி அங்கே போய் நின்றவள்தான். அந்தக் கம்பி வலை எனக்குப் புதுசு இல்லை.

கம்பிக்கு உள்ளே இருந்தவரிடம், "டிரை இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் பாவம், மரியாதையாகவே பதில் சொன்னார். "டிரை டே நாளைக்குத்தாங்க. இன்னிக்கிக் கடை உண்டு."

"நான் கடைய கேக்கலை. டிரை ஒயின் கேக்குறேன்."

"ஒயினா?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பி இன்னொருவரைப் பார்த்தார். அவர் ஸ்டூல் போட்டு மேல்தட்டில் தேடினார். தூசி தட்டி இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார்கள். "லேடீஸ் கேக்குக்கு இதத்தான் வாங்குவாங்க, நல்லா இனிப்பா இருக்கும்" என்று ஒன்றை முன்னால் தள்ளினார்கள்.

"இனிப்பு வேணாம். கறிக்கு ஊத்த."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இனிப்பில்லாதது எது என்று கேட்டு அந்த இன்னொரு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நாவல்பழத்தைப் பிழிந்த நிறம். அடியில் வண்டல் இல்லை. மூடி திருகு மூடி. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தக்கை போட்ட பாட்டிலாக இருந்தால் அதைத் திறக்க ஆயுதத்துக்கு நான் எங்கே போவேன்? குவார்ட்டராகக் கிடைக்குமா என்று கேட்டேன். பையன் சொன்ன அளவு அரை பாட்டில்கூட இல்லை, மிச்சம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஒயின் ஃபுல்லாகத்தான் வரும் என்றார். ஃபுல்லையே வாங்கி, காய்கறிப் பையில் முருங்கைக்காய்க்கு நடுவே நிறுத்தி எடுத்துவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்முக்குள் அமுக்கி வைத்தேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். அவர் சாயங்காலம் வந்தார். கைகால் கழுவினார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க வச்சிருக்க?" என்றார்.

"எத?"

"ஒர்க் ஷாப்புலயே சொல்லிட்டாங்க. என்னண்ணே, மறுபடி ஆரம்பிச்சாச்சா, அண்ணியவே அனுப்பி வாங்குறீங்களாமேன்னு."

நான் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பையன் ஆசைப்பட்டதை, போனில் பேசியதை, அரிசிக்குள் ஒளித்து வைத்ததை, ஒன்றுவிடாமல் கொட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, அவர் டிரம்மைத் திறந்து பாட்டிலை எடுத்தார். அவர் கையில் அந்த மாதிரி ஒரு பாட்டிலைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு, அடுப்பங்கரை அலமாரியில் நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் வைத்தார்.

"ஒளிச்சு வச்சாத்தான் இது சரக்கு. இங்க இருந்தா சமையல் சாமான்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பையன் வந்தான். காலையில் கறிக்கடையில் அப்பாவும் பையனும் சேர்ந்து போய் நின்று, தொடைக்கறி வாங்கிவந்தார்கள். எனக்கு அதுவே திருப்தி. பையன் சமைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெங்காயத்தை அவன் நறுக்கியது கண்ணுக்குத் தெரியவில்லை, பலகையில் சத்தம்தான் கேட்டது. அப்பா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கத்தியை எப்படிப் பிடிக்கிறாய், ஓட்டலில் எத்தனை அடுப்பு, கரண்டு போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மூடியைத் திருகியது நான்தான். ருசி பார்க்காமல் எதையும் சட்டியில் ஊற்றுகிற வழக்கம் எனக்கில்லை. அதனால் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐம்பது வயசுக்கு மேல் ஆகிறது, அதுதான் எனக்கு முதல் தடவை. முதலில் புளிப்பு, அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. இளசான கொய்யாக்காய் மாதிரி. கறிக்கு இது எடுபடும் என்று அந்தக் கணமே தெரிந்தது. சரியானதைத்தான் பொறுக்கியிருக்கிறேன். கூடவே ஒரு கோபமும் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா ஒரு மனுசன் நிலத்தைத் தொலைத்தான்? அவர் குடித்தது இது இல்லை, அது வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் வந்தது.

"ஊத்தலாமாம்மா?" என்றான் பையன்.

"ஊத்து. இதுக்கு மேல புளிப்பு எதுவும் சேக்காத. தக்காளியப் பாதியாக் கொற."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தக்காளியைப் பாதியாகக் குறைத்தான். ஒயின் விழுந்ததும் சட்டியிலிருந்து கிளம்பிய வாடை வீட்டையே நிறைத்தது. நான் சட்டென்று வாசலைப் பார்த்தேன். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போயிருந்தார்.

கறி மெள்ள வெந்தது. வாடை அடங்கி மணமாக மாறியது. எலும்பை விட்டுக் கறி கழன்று வந்தது. குழம்பு அரக்கு நிறத்தில் கரண்டியில் ஒட்டியது. நான் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். நான் வைக்கிற கறிக்குழம்பைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்வேன். என் வாயில் இதுவே பெரிய வார்த்தை.

இலை போட்டேன். பையன் தானே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் கரண்டியை அப்பா இலைக்கு நீட்டினான். அவர் கையால் இலையை மறைத்தார்.

"எனக்கு வேணாம்ப்பா."

"எல்லாம் ஆவியாப் போயிருச்சுப்பா. அம்மாவக் கேளுங்க."

"போயிருக்கும். நான் இல்லேங்கலை. நாளைக்கு வண்டி இருக்கு. எனக்கு ரசம் போதும்."

"நாளைக்குத்தானப்பா வண்டி. இன்னிக்கி என்ன?"

அவர் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பையன் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். வளர்ந்த பையன், தாடி வைத்த பையன், அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எத்தனை நாள் இந்தப் பையன் இவர் வருவாரா என்று சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான், இன்றைக்கு ஒரு நாள் அவனுக்காகத் தின்னக் கூடாதா? அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "தம்பி, நீ உக்காந்து சாப்புடு. நீ திங்கறத நான் பாக்கணும்" என்றார். அவன் உட்கார்ந்தான், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை.

மத்தியானம் மிச்ச ஒயினை என்ன செய்வது என்று பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வரவில்லை, வைத்திருக்கவும் தைரியம் இல்லை. கல்லுப்பை அள்ளி பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினேன். இனி அதைச் சட்டியில் ஊற்றலாம், தொண்டையில் ஊற்ற முடியாது. உப்புப் போட்டு ஒயின் விற்கிறவரை நான் கேலி பேசியது தப்பு. அந்த மகராசன் வீட்டிலும் என் வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் இருந்திருப்பார்.

சாயங்காலம் மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, வாளியை நீட்டாமல் நின்றாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. நான் நம்பலை. ஆனா மூணாவது வீட்டுல அவுக புள்ளைய நாளைலருந்து ஆட்டோவுல அனுப்பலாமான்னு பேசிக்கிட்டிருக்காக. அண்ணன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு."

ஒரு வீடு ஆட்டோவுக்குப் போனால் அடுத்த வீடும் போகும். நாலு வீடு போனால் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது. அதுவும் மனுசர் ஏழு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த மானம், என் ஒரு பாட்டிலால் போகப்போகிறது. எனக்கு மாவு அளக்கக் கை வரவில்லை. ஆனால் அழுது உட்காருகிற ஆள் நான் இல்லை. நாளைக்குக் காலையில் வேனில் நானும் போகிறேன், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, ஒயின் வாங்கியது நான், ஊற்றியது கறியில், சந்தேகம் இருந்தால் வந்து சட்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று முடிவு செய்தேன். என்னென்ன பேச வேண்டும் என்பதை அடுப்படியில் நின்று மனப்பாடமே செய்தேன். மூணாவது வீட்டுக்காரிக்கென்று தனியாக இரண்டு வார்த்தை வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது?" என்றார் அவர்.

"நானும் வாரேன். வண்டிய எடுங்க."

என் முகத்தைப் பார்த்ததும் எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வண்டியை எடுத்தார். காலையில் மாவு வியாபாரம் இருப்பதால் வண்டி கிளம்பிய பிறகு நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை; முதல் நிறுத்தமே மூணாவது வீடுதான். வாசலில் ஆட்டோ நிற்கவில்லை. அந்த வீட்டுக்காரி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

அவள் பிள்ளையை ஆயாவிடம் கொடுக்கவில்லை. நேராக டிரைவர் பக்கம் சுற்றி வந்தாள். இவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொன்னால் ஊதுவோமே, அப்படி. அவள் ஒரு கணம் மோந்து பார்த்தாள். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள் போலிருக்கிறது, இவர் இன்னொரு தடவை ஊதினார்.

"சரிண்ணே" என்றாள். பிள்ளை ஏறியது. என்னைப் பார்த்து, "என்ன மதினி, இங்கிட்டு?" என்று சிரித்தாள். மனப்பாடம் செய்த இரண்டு வார்த்தையும் எனக்கு மறந்துபோனது.

அடுத்த வீட்டில் ஒரு தாத்தா. அவருக்கும் ஊதினார். அதற்கடுத்த வீட்டில் வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண், தலையில் பின்னைக் குத்திக்கொண்டே வந்து, மோந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். யாருக்கும் கூச்சம் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி நடந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டேன்.

"வண்டி எடுத்த நாள்லருந்து. நான்தான் சொன்னேன். என்னைய நம்புங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. மோந்து பாத்துட்டு ஏத்துங்கன்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவுகளையும் ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னுட்டேன். சொன்னா நீ ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயிச் சண்ட போட்டிருப்ப."

அது உண்மைதான். ஊர் அவரை நம்புகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் அவரைக் காவல் காக்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசரோ தினமும் காலையில் இத்தனை முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாயங்காலம் வந்து காப்பி குடித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கின்றன என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசி வீட்டுப் பிள்ளையும் ஏறி, ஆயா கதவைச் சாத்தினாள். அவர் வண்டியை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, லேசாகக் குனிந்து, வாயைத் திறந்தார்.

"எனக்கு எதுக்கு?" என்றேன். "வண்டிய எடுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கியரைப் போட்டார்.